தாவலிலிருந்து தாவலுக்கு: எந்த விசையை நம்புவது?

நான்கு தாவல்கள் கொண்ட ஒரு தரவுத்தளப் படிவத்தில் சில மாதங்கள் நாள் முழுவதும் விவரம் ஏற்றியிருக்கிறேன். முதல் தாவலில் பெயர், பிறந்த தேதி; இரண்டாவதில் முகவரி; மூன்றாவதில் கட்டணம்; நான்காவதில் குறிப்புகள். முதல் வாரக் கடைசியில் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தபோது ‘12, இரண்டாவது தெரு’ என்ற பெயரில் ஓர் உறுப்பினர் இருந்தார். கொஞ்சம் கீழே ‘7, மாடி வீடு’ என்று இன்னொருவர். இவர்களுக்கு ஒரு வரி மேலே இருந்தவர்களுக்கோ முகவரியே இல்லை.

முதல் தாவலின் கடைசிக் கட்டத்தில் டேப் விசையை அழுத்தினால் முகவரித் தாவல் திறக்கும் என்று என் கை தானாகவே முடிவு கட்டியிருந்தது. கண் காகிதத்தில் இருந்தது. படிவமோ அந்தப் பதிவை அப்படியே சேமித்துவிட்டு, அடுத்த பதிவின் பெயர்க் கட்டத்தில் போய் நின்றுகொண்டது. பெரும்பாலும் நிமிர்ந்து பார்த்துத் திருத்திவிட்டேன். பார்க்காத நேரங்களில் தெருக்கள் உறுப்பினர்களாகிவிட்டன.

அதன்பிறகு அந்தப் படிவத்தை நானே திருத்தி அமைக்கும் வேலை வந்தது. ஒரு தாவலிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை வழிகள் இருக்கின்றன, அவற்றில் எது கைக்கு ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

அதற்குமுன் ஒரு சொல் தகராறு. விசைப்பலகையின் இடது ஓரத்தில் இருக்கும் விசைக்கும், படிவத்தின் தலையில் கோப்பு அட்டையின் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். உதவிக் குறிப்புகளைப் படிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. நல்லவேளையாகத் தமிழில் பிரித்துச் சொல்லலாம்: இங்கே விசை என்றால் டேப், பக்கத் தலைப்பு என்றால் தாவல்.

மவுஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1980இல் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் ஒவ்வோர் அசைவுக்கும் சராசரி நேரம் வகுத்தார்கள். பழகிய கைக்கு ஒரு விசையழுத்தம் 0.2 விநாடி. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே கை மாற 0.4. திரையில் ஓர் இடத்தைக் குறிவைக்க 1.1. அடுத்து என்ன என்று மனம் ஒரு கணம் நிதானிக்க 1.35. மவுஸால் ஒரு தாவலைத் திறக்கக் கை போக 0.4, குறிவைக்க 1.1, சொடுக்க 0.2, கை திரும்ப 0.4, ஆக 2.1 விநாடி. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த 0.4 போதும். ஒரு பதிவுக்கு மூன்று முறை தாவல் மாற்றி 200 பதிவுகள் ஏற்றினால் மிச்சம் 17 நிமிடம்.

17 நிமிடம் மலையைப் புரட்டும் விஷயமில்லைதான். எனக்கு அந்தக் கணக்கில் உறுத்துவது கடைசி எண். ஒருமுறை நிமிர்ந்து ‘இப்போது எங்கே இருக்கிறேன்?’ என்று யோசிக்கும் நேரத்தில் ஆறு விசைகளைத் தட்டிவிடலாம். ஆகவே எத்தனை விசை அழுத்தவேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எந்த விசை யோசிக்கவைக்காது என்று பார்ப்பதே சரி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரே அளவுகோலில்தான்.

டேப் விசையோடு நின்றுகொள்வது

காகிதத்தில் உள்ள வரிசையிலேயே மேலிருந்து கீழாக ஏற்றுகிறவருக்கு இதைவிட இயல்பான வழி இல்லை. புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவேண்டாம். சிக்கல் பக்கத்தின் விளிம்பில் வருகிறது. தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் அக்சஸில் ஒரு தாவலுக்குள் இருக்கும் கட்டங்களுக்குத் தனி வரிசை உண்டு. அந்த வரிசை முடிந்தால் நிலைகாட்டி (கர்சர்) அடுத்த தாவலுக்குப் போகாது. தாவல்களுக்கு வெளியே படிவத்தில் வேறு கட்டம் இருந்தால் அதற்குப் போகும். இல்லாவிட்டால் அடுத்த பதிவு. என் தெருக்காரர்கள் பிறந்தது அந்த இரண்டாவது வாசல் வழியாக.

அந்த வாசலை அடைக்க ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். படிவத்தின் பண்புகளில் சுழற்சி என்று ஒன்று உண்டு. எல்லாப் பதிவுகள், நடப்புப் பதிவு, நடப்புப் பக்கம் என்று அதற்கு மூன்று மதிப்புகள். புதிதாக உருவாக்கும் படிவம் முதல் மதிப்போடுதான் வரும். அதை நடப்புப் பதிவு என்று மாற்றிவிட்டால், கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தினாலும் அதே பதிவின் முதல் கட்டத்துக்குத்தான் திரும்பும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

அடுத்த தாவலுக்குத் தானாகப் போகவைக்கப் பலரும் ஒரு தந்திரம் செய்வார்கள்: பக்கத்தின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு கட்டத்தை வைத்து, நிலைகாட்டி அதற்குள் வந்ததும் அடுத்த தாவலின் முதல் கட்டத்துக்குத் தள்ளிவிடுவது. முன்னோக்கிப் போகும்வரை இது அருமையாக வேலை செய்யும். ஷிஃப்ட்+டேப் அழுத்திப் பின்னால் வந்து அந்தக் குட்டிக் கட்டத்தில் கால் வைத்தால் மறுபடியும் முன்னால் தள்ளிவிடும். நான் அதைக் கைவிட்டுவிட்டு, பக்கத்தின் கடைசி உண்மையான கட்டத்திலேயே விசை அழுத்தப்படும் நிகழ்வைப் பிடித்தேன்: ஷிஃப்ட் இல்லாமல் டேபோ என்டரோ வந்தால் அடுத்த தாவலின் முதல் கட்டத்துக்குப் போ, வந்த விசையைச் செல்லாததாக்கு. நான்கைந்து வரிகள்தான். ஏற்றுகிறவருக்கு நான்கு தாவல்கள் ஒரே நீளப் படிவம்போல ஆகிவிடும்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. பழைய பதிவு ஒன்றைத் திறந்து மூன்றாவது தாவலில் கட்டணத்தை மட்டும் திருத்தவேண்டும் என்றால், இருபது கட்டங்களைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். அதற்கு இது உதவாது.

அடுத்தது, அடுத்தது என்று நகர்வது

விண்டோஸில் கண்ட்ரோல்+டேப் அடுத்த தாவல், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டேப் முந்தைய தாவல். பண்புகள் சாளரங்களில் கண்ட்ரோல்+பேஜ் டவுன், கண்ட்ரோல்+பேஜ் அப் விசைகளும் அதே வேலையைச் செய்யும். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதப்பட்ட படிவங்களிலும் இரண்டு ஜோடிகளும் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கிடைக்கும். உலாவி, எக்செல் என்று எங்கும் இதன் உறவுக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்ளச் செலவே இல்லாத வழி.

அதனால்தான் இதன்மேல் எனக்குச் சந்தேகம். ஒரே விசை இடத்துக்கு இடம் வேறு வேலை செய்கிறது. அக்சஸ் படிவத்துக்குள் ஒரு துணைப்படிவம் இருந்து, நிலைகாட்டி அதற்குள் இருந்தால், கண்ட்ரோல்+டேப் துணைப்படிவத்தை விட்டு வெளியேறித் தாய்ப்படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் போகும். கண்ட்ரோல்+பேஜ் டவுன் இன்னும் மோசம். எக்செலில் அது அடுத்த தாள். அக்சஸ் படிவத்தில் அது அடுத்த பதிவின் அதே கட்டம். ‘அதே கட்டம்’ என்பதைக் கவனியுங்கள். திரையில் தாவல் மாறவில்லை, கட்டம் மாறவில்லை, படிவத்தின் தோற்றத்தில் எதுவும் அசையவில்லை; ஆள் மட்டும் மாறிவிட்டார். எக்செலில் பழகிய கை இதை அழுத்திவிட்டு ஒருவரின் கட்டணத்தை இன்னொருவர் தலையில் எழுதிவிடும். பெயர்க் கட்டம் வேறொரு தாவலில் ஒளிந்திருந்தால் தவறு கண்ணில் படவும் வழியில்லை. (எந்தத் தாவலில் இருந்தாலும் ஆளின் பெயரும் எண்ணும் தெரியும்படி அவற்றைத் தாவல்களுக்கு மேலே, படிவத்தின் தலைப்பகுதியில் வைத்துவிடுவது இந்த ஆபத்துக்குப் பாதி மருந்து.)

விசையின் வேலை இப்படி இடத்துக்கு இடம் மாறாத படிவத்திலும் ஒரு குறை உண்டு. ‘அடுத்தது’ என்று சொல்ல, இப்போது எங்கே இருக்கிறேன் என்று தெரிந்திருக்கவேண்டும். ஆறு தாவல்கள் இருந்து முதலாவதிலிருந்து ஐந்தாவதற்குப் போகவேண்டும் என்றால் நான்கு முறை முன்னால் போகலாம், அல்லது இரண்டு முறை பின்னால் சுற்றலாம். எது குறைவு என்று கணக்குப் போடும் அந்த ஒரு கணம்தான் 1.35. மூன்று தாவல்கள்வரை இந்த வழி சமாளிக்கும். அதற்குமேல் போனால் கை தட்டிக்கொண்டே இருக்கும், கண் திரையை விட்டு விலகாது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

தாவலின் தலைப்பில் ஓர் எழுத்துக்கு முன்னால் & குறியைப் போட்டால், அந்த எழுத்துக்கு அடியில் கோடு விழும்; ஆல்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தினால் நேராக அந்தத் தாவல். அக்சஸிலும் விண்டோஸ் படிவங்கள் பலவற்றிலும் பழங்காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு. நிரல் வேண்டாம். எங்கே இருந்தாலும் ஆல்ட்+எம் என்றால் முகவரிதான். இருக்கும் இடத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

தமிழில் தலைப்பு வைத்தால் இது உடனே இடறும். ‘&முகவரி’ என்று எழுதினால் அந்த ‘மு’வை அழுத்தத் தமிழ் விசைப்பலகை அமைப்பு அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கவேண்டும்; ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவருக்கு ‘மு’ என்பது ஒற்றை விசையே இல்லை. ஜப்பானிய விண்டோஸில் இதே சிக்கலுக்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: பட்டியல் பெயரை ஜப்பானிய மொழியில் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோடிட்ட ஓர் இலத்தீன் எழுத்து. எனக்கு எண்கள் இன்னும் பிடித்திருக்கின்றன. ‘&1 பெயர்’, ‘&2 முகவரி’, ‘&3 கட்டணம்’ என்று வைத்தால் மொழி எதுவானாலும் விசை ஒன்றே. தலைப்பிலேயே எண் தெரிவதால் மனப்பாடமும் வேண்டாம்.

எண்களிலும் இரண்டு முட்கள் உண்டு. தரவு ஏற்றுகிறவரின் வலது கை வலப்பக்க எண் திட்டில்தான் குடியிருக்கும். விண்டோஸில் ஆல்ட் அழுத்தியபடி அந்தத் திட்டில் எண்ணைத் தட்டினால் அது குறியீட்டு எண்ணாகக் கொள்ளப்பட்டு ஏதோ ஒரு விசித்திர எழுத்து வந்து விழும். மேல்வரிசை எண்களைத்தான் அழுத்தவேண்டும் என்று சொல்லிப் பழக்கவேண்டியிருக்கும். இரண்டாவது, ஆஃபீஸ் நிரல்களின் உச்சியில் இருக்கும் விரைவு அணுகல் பட்டியும் ஆல்ட்டோடு அதே எண்களுக்கு உரிமை கோருகிறது. உங்கள் கணினியில் யார் முந்துகிறார்கள் என்று முதலில் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாமே விசை வகுப்பது

அக்சஸில் இதற்கு இரண்டு இடங்கள். ஒன்று, ஆட்டோகீஸ் என்ற பெயரில் வைக்கும் மேக்ரோ, அதாவது தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பு. தரவுத்தளம் முழுவதற்கும் பொருந்தும், கண்ட்ரோல், ஷிஃப்ட் சேர்க்கைகளை ஏற்கும், ஆல்ட்டை ஏற்காது. ஒரு படிவத்துக்காக முழுத் தரவுத்தளத்தின் விசைகளையும் தொடுவது எனக்கு உவப்பில்லை. மற்றது, படிவத்தின் விசை முன்னோட்டப் பண்பை இயக்கிவிட்டு, விசை அழுத்தப்படும் நிகழ்வில் நிரல் எழுதுவது. கட்டத்துக்குப் போகும் முன் விசை படிவத்தின் கைக்கு வரும். கண்ட்ரோல்+2 வந்தால் முகவரியின் முதல் கட்டத்துக்குப் போ; பிறகு விசையின் குறியீட்டைச் சுழியமாக்கு, இல்லாவிட்டால் அந்த விசை தன் பழைய வேலையையும் பார்க்கப் போய்விடும். தாவலின் மதிப்பை வைத்து நகர்த்துவதாக இருந்தால் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். இரண்டாவது தாவலின் மதிப்பு 1. தாவலை மட்டும் திறந்துவிட்டு நிற்காமல், குறிப்பிட்ட கட்டத்துக்கே நிலைகாட்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். தாவல் திறந்தபிறகு இன்னொரு டேப் அழுத்தவேண்டியிருந்தால் பாதி லாபம் போயிற்று.

செயல்விசைகள் வரிசையாகச் சும்மாதானே கிடக்கின்றன என்று தோன்றும். சும்மா இல்லை. அக்சஸில் எஃப்2 திருத்தும் நிலையை மாற்றும், எஃப்5 பதிவு எண் பெட்டிக்குப் போகும், எஃப்6 படிவத்தின் பகுதிகளுக்கிடையே நகரும், எஃப்7 எழுத்துப்பிழை பார்க்கும், எஃப்11 வழிசெலுத்தல் பலகத்தைத் திறக்கும். பழகியவர்களின் விசையைப் பிடுங்கிக்கொண்டு புது வேலை கொடுத்தால் அவர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

துணைப்படிவம் இங்கும் வந்து நிற்கிறது. நிலைகாட்டி துணைப்படிவத்துக்குள் இருக்கும்போது அழுத்தும் விசை தாய்ப்படிவத்துக்குக் கேட்காது. கட்டணத் தாவலில் தவணைகள் துணைப்படிவமாக இருந்தால், அங்கே போனபின் கண்ட்ரோல்+1 செத்த விசை. துணைப்படிவத்திலும் முன்னோட்டத்தை இயக்கி, அதே நிரலை அழைக்கவேண்டும். இன்னொன்று எந்தக் குறுக்குவிசை வைத்தாலும் வரும்: தாய்ப்படிவத்திலிருந்து துணைப்படிவத்துக்குள் நுழைந்த கணத்தில் அக்சஸ் தாய்ப்பதிவைச் சேமித்துவிடும். கட்டாயம் நிரப்பவேண்டிய கட்டம் ஒன்று இன்னும் திறக்காத நான்காவது தாவலில் இருந்தால், மூன்றாவது தாவலுக்குத் தாவியதும் பிழைச்செய்தி குதிக்கும். ஏற்றுகிறவர் புது விசையைத்தான் திட்டுவார். கட்டாயக் கட்டங்களை முதல் தாவலுக்குக் கொண்டுவந்துவிடுவதே மருந்து.

படிவம் உலாவிக்குள் இருந்தால்

மேலே சொன்னவற்றில் பலவும் அங்கே செல்லாது. கண்ட்ரோல்+டேப், கண்ட்ரோல்+பேஜ் டவுன் இரண்டும் உலாவியின் சொத்து. குரோமில் ஒரு வலைப்பக்கம் அவற்றைப் பறித்துக்கொள்ள முடியாது. விண்டோஸில் கண்ட்ரோல்+1 முதல் 8 வரை உலாவியின் தாவல்கள். லினக்ஸில் ஆல்ட்+1 முதல் 8 வரை. வலைப்பக்கத்திலேயே எழுத்து ஒதுக்கும் வசதி இருக்கிறது என்றாலும், விண்டோஸில் குரோமுக்கு ஆல்ட், ஃபயர்ஃபாக்ஸுக்கு ஆல்ட்+ஷிஃப்ட், மேக்கில் கண்ட்ரோல்+ஆப்ஷன் என்று ஆளுக்கொரு வழி. ஒரே அலுவலகத்தில் இரண்டு உலாவிகள் இருந்தால் சுவரில் ஒட்டும் குறிப்பே ஒரு பக்கத்துக்கு வரும்.

எஞ்சுவது அம்புக்குறிகள். மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்துவதற்காக, அதாவது அணுகல்தன்மைக்காக, வகுக்கப்பட்ட ஏரியா (ARIA) மாதிரியின்படி தாவல் வரிசை முழுவதும் டேப் விசைக்கு ஒரே நிறுத்தம். அங்கே நின்றபின் இடது, வலது அம்புகள் தாவல்களுக்கிடையே நகர்த்தும், ஹோம் முதலாவதற்கும் எண்ட் கடைசிக்கும் போகும், இன்னொரு டேப் பக்கத்துக்குள் இறக்கும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் எதிர்பார்ப்பதும் இதையே. அம்பு பட்டதும் பக்கம் திறக்கவேண்டுமா, ஸ்பேஸ் அல்லது என்டர் அழுத்தினால் மட்டும் திறக்கவேண்டுமா என்பது உங்கள் கையில். பக்கத்தின் விவரம் ஒவ்வொருமுறையும் சேவையகத்திலிருந்து வருமானால் இரண்டாவதை எடுங்கள். இல்லாவிட்டால் நான்காவதற்குப் போகிற வழியில் இரண்டாவதும் மூன்றாவதும் திறந்து திறந்து மூடும். ஒற்றை எழுத்தைக் குறுக்குவிசையாக வைக்கும் ஆசை வந்தால், 2018இல் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.1 அதற்கு நிபந்தனை போட்டிருக்கிறது: அதை அணைக்கவோ மாற்றவோ வசதி இருக்கவேண்டும், அல்லது குறிப்பிட்ட கட்டத்தில் நிற்கும்போது மட்டும் அது இயங்கவேண்டும்.

ஆரக்கிள் நிறுவனத்தின் படிவ மென்பொருளான ஆரக்கிள் ஃபார்ம்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. விசைகளின் பட்டியல் சேவையகத்தில் ஒரு கோப்பில் இருக்கிறது. அதை மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ஆரக்கிளின் வணிக மென்பொருள் தொகுப்பான இ-பிசினஸ் சூட் என்றால் கண்ட்ரோல்+கே அழுத்தினால் அப்போதைய பட்டியல் முழுவதும் திரையில் வரும். அதைப் பார்த்துப் பழகிக்கொள்வதுதான் வழி.

என் படிவத்தில் என்ன செய்தேன்

சுழற்சியை நடப்புப் பதிவுக்கு மாற்றினேன். புதிதாக ஏற்றுகிறவருக்காக முதல் மூன்று தாவல்களின் கடைசிக் கட்டங்களில் டேப் தானாக அடுத்த தாவலுக்கு ஓடும்படி எழுதினேன். பழைய பதிவைத் திருத்துகிறவருக்காகத் தலைப்பில் எண் போட்டு, கண்ட்ரோலோடு அதே எண்ணை விசையாக வைத்தேன். ஆல்ட்டை விட்டதற்குக் காரணம் எண் திட்டுதான். கண்ட்ரோலோடு இரண்டு வரிசை எண்களையும் நிரலில் ஏற்றுக்கொள்ளலாம். கண்ட்ரோல்+பேஜ் டவுன், பேஜ் அப் இரண்டையும் அந்தப் படிவத்தில் செயலிழக்கச் செய்தேன். இது சிலருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். பதிவு மாற்ற வேறு வழிகள் இருக்கின்றன.

பிறகு மவுஸின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு இருபது பதிவுகளை ஏற்றினேன். கை எங்கெல்லாம் இல்லாத மவுஸைத் தேடிப் போனதோ அங்கெல்லாம் காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். தாவல் மாற்றும் இடத்தில் கோடு அதிகமாக விழும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே இரண்டே இரண்டு. கீழிறங்கு பட்டியல்களில் ஒன்பது. ஆல்ட்+கீழ் அம்பு அவற்றைத் திறக்கும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. மிச்சம் எல்லாம் நான்காவது தாவலில். குறிப்புகள் என்ற அந்தத் தாவலுக்குள் இருந்தது ஒரே ஒரு கட்டம். அதைக் கட்டணத்துக்குக் கீழே நகர்த்திவிட்டு நான்காவது தாவலை நீக்கிவிட்டேன்.